கேம்ப் ரோட்டின் கண் டாக்டர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கும் ஜெயவேலுவுக்கு இரண்டு விஷயங்களில் பேர் உண்டு. ஒன்று கோபம். அது அவருக்கு மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். கரன்ட் போனால் கத்துவார், வந்தால் ஏன் இவ்வளவு லேட்டு என்று கத்துவார். டீயில் சர்க்கரை குறைந்தால் டீக்கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். இன்னொன்று அவருடைய கை. கண்ணில் விழுந்த இரும்புத்தூளை எடுத்துவிடுகிற கை.

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இரும்பு அறுக்கிற மிஷினைக் கையில் பிடித்தவன் எவனாக இருந்தாலும் என்றைக்காவது ஒரு நாள் அவன் கண்ணில் தூள் பாயும். பாய்ந்தது கருவிழியில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அடித்தாலும் போகாது, ஊதினாலும் போகாது. இமையை மூடினால் உள்ளே மணலைப் போட்டுத் தேய்க்கிற மாதிரி அறுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்து அரை நாள் போய்விடும். அதனால் பட்டறைகள் இருக்கிற எந்த ரோட்டிலும் எடுத்துவிடுவதற்கென்றே ஒருத்தர் இருப்பார். கேம்ப் ரோட்டுக்கு ஜெயவேலு.

தூள் விழுந்தவனைப் பட்டறை வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வைப்பார். தலையை ஷட்டர் கம்பத்தோடு சேர்த்து அழுத்துவார். இடது கைக் கட்டைவிரலால் மேல் இமையைப் புரட்டுவார். "ஆடாத. ஆடுன, அறைவேன்" என்பார். விசிட்டிங் கார்டை மடித்து அதன் முனையால் ஒரு தட்டு. வராவிட்டால் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். அதற்கும் மசியாவிட்டால், சட்டைக் காலருக்கு உட்புறம் எப்போதும் குத்தி வைத்திருக்கும் தையல் ஊசி. தீக்குச்சி கிழித்து முனையைக் காட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று ஒரு நெம்பு. எடுத்த தூளைத் தன் நகத்தின் மேல் வைத்துக் காட்டுவார்.

"பாத்துக்க. இத்துனூண்டு. இதுக்கா இந்த ஆட்டம் ஆடுன?"

பிறகு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொட்டு மருந்தில் இரண்டு சொட்டு. அந்தப் பாட்டிலைத் திறந்து எத்தனை மாதம் ஆனது என்று யாரும் கேட்டதில்லை. காசு வாங்கமாட்டார். நீட்டினால் அதற்கும் கோபம் வரும். இருபது வருஷத்தில் ஐந்நூறு கண்களையாவது தொட்டிருப்பார், ஒன்றுகூடக் கெட்டதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கண் கெட்டவன் திரும்பி வந்து அவரிடமா சொல்லிக்கொண்டிருப்பான்? அதை அவரும் யோசித்ததில்லை, நாமும் கேட்டதில்லை. 'கண் டாக்டர்' என்று ரோட்டில் கிண்டல் செய்வார்கள். "போங்கடா டேய்" என்று சீறுவார். ஆனால் அன்று முழுக்க ஆள் குஷியாக இருப்பார்.

இதே பட்டறையில், அறுக்கும்போது கண்ணுக்கு மாட்டுகிற மூன்று பிளாஸ்டிக் கண்ணாடிகள் ஆணியில் தொங்கின. ஆயுத பூஜைக்குத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அவை தூசு தாங்கும். போட்டால் வேர்த்து மறைக்கிறது, கீறல் விழுந்து கோடு தெரியவில்லை, காது வலிக்கிறது என்று ஆளுக்கொரு சாக்கு. அறுக்கும் சக்கரத்தைப் பாதி மூடுகிற மாதிரி மிஷினோடு ஒரு தகடு வருமே, கார்டு, அதையும் மிஷின் வாங்கி வந்த அன்றைக்கே கழற்றிக் கடாசிவிடுவார்கள். அது இருந்தால் சந்து பொந்தில் சக்கரம் நுழையாதாம், நாலு இஞ்ச் மிஷினில் அஞ்சு இஞ்ச் சக்கரம் மாட்ட முடியாதாம். புதுக் கார் வாங்கி, இடைஞ்சலாக இருக்கிறது என்று பிரேக்கைப் பிடுங்கிப் போட்டவனைப் பார்த்திருக்கிறீர்களா? கேம்ப் ரோடு முழுக்க அவனுடைய பங்காளிகள்தான்.

ஜெயவேலுவிடம் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறவர் ஏசுபாதம். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, நாற்பத்தெட்டு. முதலாளி தொழிலாளி என்பதெல்லாம் கிடையாது, மச்சான் மச்சான்தான். ஜெயவேலு கத்தினால் ஏசுபாதம் சிரிப்பார். அதுவே ஜெயவேலுவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். ஆனால் அறுக்கிற கை என்றால் ஏசுபாதத்தின் கைதான். பென்சில் கோட்டை மயிரிழை தாண்டாது.

போன மாசியில் சிட்லபாக்கத்தில் புது ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போட்டவர்களுக்குத் தெரியவில்லை. தாரை அப்படியே மேலே கொட்டி அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். வீடெல்லாம் ஒரு சாண் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வெளிப்பக்கம் திறக்கிற கேட்டெல்லாம் ரோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. புது ரோடு போட்டால் கேட்டின் அடியை வெட்டுவது என்பது இந்தப் பக்கத்தில் பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது மாதிரி வழக்கமாகிவிட்டது. எவன் போட்ட ரோட்டுக்கோ எவன் கேட்டையோ அறுக்க வேண்டும். ஜெயவேலு அந்த வாரம் முழுக்க ரோடு போட்டவர்களைத் திட்டிக்கொண்டே ஒன்பது கேட்டு வெட்டினார்.

பத்தாவது கேட்டு ஸ்ரீரங்கன் சாருடையது. பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"ஜெயவேலு, கேட்டு அரை அடிக்கு மேல திறக்கவே மாட்டேங்கறது. கார் உள்ள மாட்டிண்டிருக்கு. தங்கை ட்ரெயின்ல வரா, பதினொண்ணரைக்கு நான் தாம்பரம் ஸ்டேஷன்ல இருக்கணும். கொஞ்சம் உடனே வாங்களேன்."

கேட்டைக் கொக்கியிலிருந்து தூக்கி இறக்கி, கட்டைமேல் படுக்க வைத்து அறுப்பதுதான் முறை. அதற்கு நாலு ஆள் வேண்டும். போனது இரண்டு பேர். அதனால் நின்ற கேட்டை நின்றபடியே அறுப்பதென்று முடிவு. ஏசுபாதம் புதுத் தார் ரோட்டில் ஒருக்களித்துப் படுத்தார். கன்னம் தரையில் படுகிற மாதிரி முகத்தை வைத்து, கேட்டின் அடியில் பென்சில் கோட்டைப் பார்த்தார்.

"மச்சான், கண்ணாடி எட்தாந்தியா?"

"வர்ற அவசரத்துல எவன்டா அதப் பாத்தான்? பத்து நிமிஷ வேல. கண்ண இட்க்கிக்கினு அறு."

கண்ணை இடுக்கிக்கொள்வது! கண்ணாடிக்குப் பதில் இவர்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு அதுதான். பொறி பறக்கும்போது இமையைப் பாதி மூடிக்கொண்டால் தூள் மரியாதையாக ஒதுங்கிப் போய்விடுமாம். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிற சக்கரத்துக்கு மரியாதையாவது ஒன்றாவது. ஸ்ரீரங்கன் சார் போர்டிகோவில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் சீக்கிரம்ப்பா" என்று மூன்று தடவை சொன்னார். ஏசுபாதம் முக்கால்வாசி அறுத்திருப்பார். பழைய கேட்டு, நாலு கோட் பெயின்டுக்கு அடியில் துரு பொரிந்து கிடந்தது. ஏசுபாதம் "ஆ" என்று மிஷினை விட்டுவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

ஜெயவேலுவுக்குச் சுள்ளென்று வந்தது. நேரம் ஆகிறதே என்ற கோபம். போர்டிகோ தூணில் சாய்த்து நிற்க வைத்து இமையைப் புரட்டினார். கருவிழி ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. விசிட்டிங் கார்டு முனைக்கு வரவில்லை. காந்தம் பட்டறையில் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போயிடுங்களேன். கண்ணு விஷயம்" என்றார் ஸ்ரீரங்கன் சார்.

"இதெல்லாம் நமக்கு ஜுஜுபி சார். நீங்க சாவிய ரெடியா வெச்சுக்கங்க."

காலருக்குள்ளிருந்த ஊசி வெளியே வந்தது. தீக்குச்சி இல்லை. சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். முதல் நெம்பில் தூள் வந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். தூள் இருந்த இடத்தில் பழுப்பாகத் துருவின் கறை தெரிந்தது. அதையும் விடக்கூடாது என்று ஊசி முனையால் இரண்டு சுரண்டு சுரண்டினார். ஏசுபாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், ஆடவில்லை. பையில் கூடவே எடுத்து வந்திருந்த அதே சொட்டு மருந்து இரண்டு சொட்டு. மிச்சக் கால்வாசிக் கேட்டையும் ஏசுபாதம்தான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அறுத்து முடித்தார். பதினொன்றே காலுக்குக் கார் வெளியே போனது.

மூன்றாம் நாள் காலையில் பிளஸ்ஸியிடமிருந்து போன் வந்தது. பிளஸ்ஸி ஏசுபாதத்தின் மனைவி. ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை.

"அண்ணா, அவருக்குக் கண்ணு தொறக்கவே முட்லண்ணா. ராவெல்லாம் தூங்கல. கருமுழில வெள்ளையா இன்னாவோ கீது."

"ஒண்ணும் ஆவாது பிளஸ்ஸி. ஒரு மாத்திர குட்த்துப் படுக்க வை. நாளைக்கு சரியாப் பூடும்."

நாளைக்குச் சரியாகவில்லை. நாலாம் நாள் ஜெயவேலுவே ஏசுபாதத்தை வண்டியில் உட்கார வைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் குறுக்கே வந்த ஆட்டோக்காரர்கள் ஒருவர் விடாமல் அவரிடம் திட்டு வாங்கினார்கள். டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தார்.  பிறகு நிமிர்ந்தார்.

"யார் இதுல கைய வச்சது?"

ஜெயவேலு ஏசுபாதத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கரன்ட் போனாலே ஊரைக் கூட்டுகிற வாய்.

"நான்தான் மேடம்" என்றார் ஏசுபாதம். "மொகம் பாக்குற கண்ணாடியப் பாத்துகினே நானே எட்த்தேன்."

"எதால?"

"ஊசி மேடம்."

"அறிவு இருக்காய்யா உனக்கு?" டாக்டரம்மாவின் குரல் வெளியே வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். "கருவிழிய ஊசியால குத்திக் கிழிச்சு வச்சிருக்க. உள்ள சீழ் பிடிச்சிருக்கு. ஒரு கண்ணாடி போட்டு வேலை செய்ய முடியாதா உங்களால? விழுந்த உடனே இங்க வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல எடுத்திருப்பேன். வாரத்துக்கு நாலு பேர் இப்படித்தான் வர்றீங்க. யாரோ ஒரு முட்டாள் எடுத்து விடறான், அதுக்கப்புறம் என்கிட்ட வர்றீங்க."

அந்த யாரோ ஒரு முட்டாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆமாம், நின்றான் என்றுதான் சொல்வேன். அந்த இடத்தில் அவருக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு மாதம் வைத்தியம் நடந்தது. முதல் வாரம் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, பகலிலும் இரவிலும். பிளஸ்ஸி வேன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அலாரம் வைத்து எழுந்தாள். சீழ் அடங்கியது. ஆனால் கருவிழியில் வெள்ளை விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார் ஏசுபாதம். மாற்றுக் கருவிழிக்குப் பேர் எழுதி வைக்கலாம், கிடைத்தாலும் முன்பு மாதிரி வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஜெயவேலுவின் கோபம் அந்த இரண்டு மாதமும் கட்டறுந்த மாடு மாதிரி திரிந்தது. சக்கரம் விற்ற கடைக்காரரிடம் போய், மட்டமான சரக்கு என்று சண்டை போட்டார். ரோடு போட்டவர்களைத் தேடிக்கொண்டு போனார், யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் சிட்லபாக்கம் போய் ஸ்ரீரங்கன் சாரின் கேட்டைப் படார் படாரென்று அடித்தார். வெட்டின கேட்டு, லேசாகத் திறந்துகொண்டது.

"பதினொண்ணர பதினொண்ணரன்னு தலமேல நின்னீங்களே சார்! உங்க தங்கச்சி ஒரு ஆட்டோ புட்ச்சு வந்திருக்கக் கூடாதா? ஒரு மனுஷனோட கண்ணு பூட்ச்சு சார்!"

ஸ்ரீரங்கன் சார் கேட்டுக்கு வந்தார். "அவசரப்படுத்தினது என் தப்புதான்" என்றார். "அதை நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போங்கோன்னு சொன்னேனே ஜெயவேலு. நீங்கதானே ஊசியை எடுத்தேள்?"

ஜெயவேலு வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக ஏசுபாதத்தின் வீட்டுக்குப் போனார். ஏசுபாதம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பிளஸ்ஸி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"பிளஸ்ஸி, அவன் பொய் சொல்லிகினு கீறான்" என்றார் ஜெயவேலு. நின்றபடியே, ஒரே மூச்சில். "அவன் எட்க்கல. நான்தான் ஊசி வெச்சேன். ஆஸ்பத்திரில வாயத் தொறக்காம நின்னேன்."

பிளஸ்ஸி துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"தெரியும்ண்ணா. பொய் சொன்னா அவரு மூஞ்சி எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

அவ்வளவுதான். கையிலிருந்த துணியை வாளிக்குள் ஓங்கி அடித்தாள். தண்ணீர் ஜெயவேலுவின் பேன்ட்டெல்லாம் தெறித்தது.

"இன்னான்னு கேக்கச் சொல்ற? ஊசி வெச்சியே, உன் கை வெளங்குமான்னு கேக்கவா? நீ கெட்ட எண்ணத்துலயா வெச்சே? அது வுடு. எனக்கு வயிறு எரியிறது வேற. கேம்ப் ரோட்ல ஒருத்தனாவது கண்ணாடி போட்டுக்கினு வேல செய்றானா? சொல்லு! ஏன் போடல? நீ கீறியே! எது வுழுந்தாலும் எட்த்து வுட ஓசில ஒரு டாக்டரு கீறாரே, அப்புறம் எவன் போடுவான்? நான் வாங்கிக் குட்த்தேன்ண்ணா கண்ணாடி. போன கிறிஸ்மஸுக்கு. 'ஜெயவேலு இருக்கச் சொல்லோ எனக்கு எதுக்குடீ கண்ணாடி'ன்னு சிரிச்சாரு. ஐந்நூறு கண்ணக் காப்பாத்தினேன்னு பெருமை பேசிகினு திரியிறியே, நீ ஒண்ணக்கூட காப்பாத்தல. ஐந்நூறு பேரும் கண்ணத் தொறந்து வெச்சுகினு அறுக்கத் தைரியம் குட்த்துகினு இருந்தே. அதத்தான் நீ செஞ்சே."

இருபது வருஷப் பெருமையை ஒரு வாளித் தண்ணீரோடு ஊற்றிவிட்டுப் பிளஸ்ஸி உள்ளே போனாள். ஜெயவேலுவுக்கு யார்மேல் கத்துவதென்று தெரியவில்லை. கத்துவதற்கு ஆள் இல்லாத கோபம் இருக்கிறதே, அது மகா கொடுமை. அது உள்ளேயே தின்னும்.

மறுநாளே மிஷின்களுக்கெல்லாம் சக்கரத்தை மூடுகிற கார்டு வாங்கி மாட்டினார். பழைய கண்ணாடிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, வேர்த்தாலும் மறைக்காத நல்ல கண்ணாடிகளும் முகத்தை முழுசாக மூடுகிற மறைப்பும் வாங்கினார். அவர் மாட்டிக்கொண்டார். ரோடு சிரித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றார்கள், அவர் காதுபடவே. அதற்கு மட்டும் அவர் சண்டைக்குப் போகவில்லை. அது உண்மை, என்ன செய்வது.

அடுத்த வாரம் பக்கத்துப் பட்டறை அன்பு கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணா, எட்த்து வுடுண்ணா."

"எட்க்க முடியாது. வண்டில ஏறு, ஆஸ்பத்திரி போலாம்."

"அய்ய, அர நாள் பூடும்ணா. ஒரு தட்டு தட்டி வுடுண்ணா."

"ஏறுடான்னா ஏறு! இல்ல, அந்த மிஷின எட்த்து உன் தலையிலயே போடுவேன்!"

இழுத்துக்கொண்டுதான் போனார். டாக்டரம்மா அஞ்சு நிமிஷத்தில் எடுத்து அனுப்பினார். அன்பு நன்றி சொல்லவில்லை. ஜெயவேலுவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, கூடப் பிறந்தவன் மாதிரி பழகினவனுக்கு இதுகூடச் செய்யமாட்டேன் என்கிறான் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதம் ஏசுபாதம் வேலைக்கு வந்தார். மாடிப்படிக்குக் கைப்பிடி வேலை இருந்தது. டீ கிளாஸை எடுக்கப் போன கை, கிளாஸுக்கு இரண்டு இஞ்ச் தள்ளிக் காற்றைப் பிடித்தது. ஜெயவேலு பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். டீ குடித்து முடித்து, ஏசுபாதம் மிஷினை எடுத்தார். சக்கரத்தை மூடியிருந்த புதுக் கார்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். கொடுத்த கண்ணாடியை மாட்டி, நெற்றிக்கு மேலே ஏற்றி விட்டுக்கொண்டார்.

"கண்ணாடிய எறக்கு" என்றார் ஜெயவேலு.

"மறைக்குது மச்சான். ஒரு கண்ணுலதான் பாக்கறேன். கோடு தெரிய வாணாவா?"

"எறக்குடா."

"வுடு மச்சான், ரெண்டு வெட்டுதான்." ஏசுபாதம் பைப்பை நோக்கிக் குனிந்தார். குத்தலாகவோ கிண்டலாகவோ அவர் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன மாதிரியே, சிரித்த முகத்தோடு சொன்னார். "வுழுந்தா இன்னா? நீ எட்த்து வுட மாட்டியா?"

ஜெயவேலுவின் கை ஏசுபாதத்தின் இடது கன்னத்தில் போய் விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஆயிரம் பேரை அறைவேன் என்று மிரட்டியிருக்கிறார், ஒருத்தரையும் தொட்டதில்லை. ஏசுபாதம் முகத்தைத் திருப்பவுமில்லை, கையைத் தூக்கித் தடுக்கவுமில்லை. அடி வருவது அவருக்குத் தெரியவேயில்லை. அந்தப் பக்கத்துக் கண்தான் போயிருந்தது.

அதை ஜெயவேலு பார்த்தார். பார்த்ததும் அவருக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"எனக்கு எட்க்கத் தெரியாதுடா!" என்று கத்தினார். எதிர்ப் பக்கத்துப் பட்டறைகளில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "என்னிக்குமே தெரியாது! உன் கண்ணக் கெட்த்தது நான்! எல்லாரும் கேட்டுக்கங்கடா, இவன் கண்ண நான்தான் கெட்த்தேன்! இனிமே எவனாவது எட்த்து வுடுன்னு என்கிட்ட வந்தீங்க, கால ஒட்ச்சிடுவேன்!"

ஜெயவேலுவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. யாரும் கிட்டே வரவில்லை.

ஏசுபாதம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, போன கண்ணையும் இருக்கிற கண்ணையும் சேர்த்து மூடுகிற மாதிரி சரியாக மாட்டிக்கொண்டு, குனிந்து மிஷினை எடுத்தார்.